கோபுரம்: வாயிலுக்கு வைத்த பெயர் உயரத்துக்குப் பெயரான கதை

பாரிஸில் நிற்கும் இரும்புச் சட்டகத்தை ஈபிள் கோபுரம் என்கிறோம். பைசா நகரத்துச் சாய்ந்த மணிக்கூண்டும் நமக்குக் கோபுரம்தான். வயல்வெளியில் மின்கம்பிகளைத் தாங்கி நிற்பது மின்கோபுரம். ஊரெங்கும் முளைத்திருப்பவை செல்பேசிக் கோபுரங்கள். உயரமாக, ஒல்லியாக, மேல்நோக்கி எழும்பி நிற்கும் எதற்கும் இன்றைய தமிழ் தயக்கமில்லாமல் கொடுக்கும் பெயர் இது.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதன் பொருள் உயரம் அல்ல, வாயில். அதுவும் வீட்டு வாயில் அல்ல, நகரத்தின் தலைவாயில். மதில் சூழ்ந்த ஊருக்குள் யானையும் தேரும் படையும் நுழைகிற பெருவாயிலுக்கே முதலில் கோபுரம் என்று பெயர். அங்கிருந்து அது கோயிலின் வாயிலுக்கு வந்தது. கோயில் வாயில்கள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உயர்ந்துகொண்டே போனதால், கடைசியில் வாயில் என்ற பொருள் பின்னால் ஒதுங்கி, உயரம் என்ற பொருள் முன்னால் வந்து நின்றுவிட்டது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டின் எந்தக் கோயில் முன் நின்றாலும் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

முதலில் இருந்தது வாயில்

கோபுரம் என்ற சொல் வழக்கில் பரவுவதற்கு முன்பே தமிழில் வாயிலுக்குச் சொல் பஞ்சம் இருந்ததில்லை. 'வாயில்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லின் வாய், அதாவது 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆனது என்று இலக்கணம் சொல்லும். 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆனதும் இதே முறையில்தான். வீட்டுக்கு வாய் என்றால் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே வழி. இந்தச் சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வியப்பானது. ஐம்புலன்களைத் திருவள்ளுவர் 'பொறிவாயில் ஐந்து' என்கிறார். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே ஊடல் தீர்க்கத் தூது செல்லும் பாணன், தோழி முதலியோரை அகத்திணை இலக்கணம் 'வாயில்கள்' என்றே அழைக்கிறது. தலைவி அவர்களைத் திருப்பி அனுப்பினால் அது 'வாயில் மறுத்தல்'.

அரண்மனையின் பெருவாயில் எப்படிக் கட்டப்பட்டது என்பதை நக்கீரர் நெடுநல்வாடையில் பொறுமையாக, ஒரு கட்டடக் கலைஞரின் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் விவரிக்கிறார். இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் நிழலைப் பார்த்துத் திசை குறிக்கிறார்கள். நூல் கற்ற வல்லுநர்கள் நுட்பமாகக் கயிறு இட்டு அளக்கிறார்கள். பிறகு வாயில் வருகிறது. பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்கு பூசிய இரட்டைக் கதவுகள். அவற்றின் மேல் 'நாளொடு பெயரிய' விழுமரம், அதாவது ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொண்ட மரம். அது உத்திரம். இன்றும் நம் வீட்டுக் கூரையைத் தாங்கும் விட்டத்துக்கு நாம் சொல்லும் அதே உத்திரம். அதில் குவளை மலரும் பிடியானைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கைவல் கம்மியன் இடைவெளி இல்லாமல் முடுக்கிப் பொருத்தியிருக்கிறான். நெடிய நிலைக்கு நெய் பூசி, வெண்சிறுகடுகு அப்பியிருக்கிறார்கள். வெற்றிக்கொடி ஏந்திய யானை குனியாமல் உள்ளே போகலாம். அத்தனையும் சொல்லிவிட்டு முடிக்கிறார்:

'குன்று குயின்றன்ன ஓங்குநிலை வாயில்.'

குன்றைக் குடைந்து வழி உண்டாக்கியதுபோல் உயர்ந்த நிலையை உடைய வாயில். கோபுரம் என்ற சொல் இங்கே இல்லை. ஆனால் பிற்காலத்துக் கோபுரத்தின் உருவம் முழுவதும் இந்த ஓர் அடியில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மலைபோல் ஒரு பெருந்திரள், நடுவே ஊடுருவிச் செல்லும் ஒரு வழி. மதுரைக்காஞ்சியும் மதுரை நகரின் வாயிலைப் பற்றி இதையொட்டியே பேசுகிறது. மேகம் உலவும் மலைபோல் ஓங்கிய மாடத்தோடு, வையை ஆறு ஓடுவதுபோல் மக்கள் ஓயாமல் வந்துபோகும் வழக்கத்தை உடைய வாயில் அது: 'வையை அன்ன வழக்குடை வாயில்'. கட்டடத்தின் உயரத்தைச் சொல்லி நிறுத்தாமல், அதன் வழியே பாயும் கூட்டத்தையும் சேர்த்துச் சொன்னதில்தான் அந்தப் புலவரின் பார்வை தெரிகிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அரண்மனையின் முன் வந்து நின்று முதலில் பேசுவது அரசனிடம் அல்ல, 'வாயிலோயே வாயிலோயே' என்று வாயில் காப்போனிடம். வாயில் என்பது அதிகாரம் தொடங்கும் இடம். அதைக் கடக்க ஒருவர் அனுமதி தர வேண்டும்.

சொல் எங்கிருந்து வந்தது?

வடமொழி நூல்களில் 'கோபுர' என்ற சொல் பழமையானது. இராமாயணமும் மகாபாரதமும் நகரங்களை வருணிக்கும்போது மதில்களோடும் அகழிகளோடும் சேர்த்துக் கோபுரங்களையும் சொல்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் கோட்டை கட்டும் முறையைச் சொல்லும் இடத்தில், உடும்பின் முகம்போல் அமைந்த கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. அமரகோசம் என்ற நிகண்டு இன்னும் தெளிவாக ஒரே வரியில் முடித்துவிடுகிறது: புரத்தின் துவாரம், அதாவது நகரத்தின் வாயில், கோபுரம். இவற்றில் எங்கும் கோயில் முதலிடத்தில் இல்லை. கோட்டையும் நகரமுமே இருக்கின்றன.

சொல்லின் உள்பொருளைப் பிரித்துக் காட்டுவதில்தான் கருத்து வேறுபாடு. 'கோ' என்றால் பசு, 'புரம்' என்றால் ஊர். ஊரின் மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பும் வாயில் என்பது ஒரு விளக்கம். காத்தல் என்ற பொருளுடைய 'குப்' என்னும் வடமொழி வேரோடு இணைத்து, ஊரைக் காக்கும் இடம் என்பது இன்னொன்று. தமிழ்வழி விளக்கமோ 'கோ' என்பதற்கு அரசன், இறைவன் என்றும், 'புரம்' என்பதற்கு உயர்ந்த மனை அல்லது ஊர் என்றும் பொருள் கொள்கிறது. தமிழர் மனத்துக்கு மிக நெருக்கமானது இந்த மூன்றாவதுதான். பள்ளிக்கூட மேடையிலும் கோயில் சொற்பொழிவிலும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

அறிஞர்கள் இதில் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. ஒரு சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அழகான பொருள் சொல்வது எளிது. அப்படிச் சொல்வதாலேயே அது வரலாறு ஆகிவிடாது. சொல்லைப் பயன்படுத்தியவர்கள் அதை எந்தப் பொருளில் பயன்படுத்தினார்கள் என்பதே உறுதியான தடயம். அந்தத் தடயம் நகர வாயிலைத்தான் காட்டுகிறது. 'இறைவனின் ஊர்' என்ற பொருள் பொருந்துவதற்கு, அந்த வாயில் முதலில் கோயிலுக்கு வந்தாக வேண்டும்.

அது வந்த வழியும் நமக்குப் பழக்கமானதே. 'கோயில்' என்ற சொல்லைப் பாருங்கள். கோ வாழும் இல். சிலப்பதிகாரத்தில் கோயில் என்றால் பெரும்பாலும் அரசனின் அரண்மனை. பின்னர் அதே சொல் இறைவனின் இருப்பிடத்துக்கு ஆனது. அரசனுக்குச் செய்த குடை, சாமரம், பள்ளியெழுச்சி, திருவீதி உலா எல்லாம் இறைவனுக்கும் ஆயின. அந்த வரிசையில் அரசனின் கோட்டைக்கு இருந்த மதிலும் பெருவாயிலும் இறைவனின் வீட்டுக்கு வந்துசேர்ந்ததில் வியப்பில்லை. சுந்தரர் திருப்பனையூரைப் பாடும்போது 'மாட மாளிகை கோபுரத்தொடு மண்டபம்' என்று அடுக்குகிறார். அங்கே கோபுரம் ஒரு செழிப்பான ஊரின் அடையாளங்களில் ஒன்று. 'மாட மாளிகை, கூட கோபுரம்' என்று இன்றும் நாம் சொல்லும் தொடரில் அந்தப் பழைய நகரம்தான் ஒலிக்கிறது.

எல்லா வாயிலும் கோபுரம் அல்ல

சிற்ப நூல்கள் இந்தச் சொல்லை மிகக் கறாராகப் பயன்படுத்துகின்றன. மயமதம், மானசாரம் போன்ற நூல்களின்படி ஒரு கோயிலைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து திருச்சுற்றுகள் இருந்தால், ஒவ்வொரு சுற்றின் வாயிலுக்கும் தனிப்பெயர் உண்டு. கருவறைக்கு மிக அருகில் இருப்பது துவாரசோபை. அடுத்தது துவாரசாலை. மூன்றாவது துவாரப்பிராசாதம். நான்காவது துவாரஹர்மியம். எல்லாவற்றுக்கும் வெளியே, ஊரைப் பார்த்து நிற்கும் கடைசி வாயிலுக்கு மட்டுமே கோபுரம் அல்லது மகாகோபுரம் என்று பெயர். உள்ளிருந்து வெளியே போகப் போக வாயில் பெரிதாகும். நாம் எல்லாவற்றையும் கோபுரம் என்று அழைத்து, முதன்மையானதை 'ராஜகோபுரம்' என்று வேறுபடுத்திக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் நன்கு படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் வானளாவ நிற்பது கோபுரம் அல்ல, விமானம். கருவறையின் மேல் எழும்புவது விமானம். வாயிலின் மேல் எழும்புவது கோபுரம். கண்ணால் பார்த்தே பிரித்தறியலாம். விமானம் பெரும்பாலும் சதுர அடித்தளத்தில் எழுந்து, உச்சியில் ஒற்றைக் கலசத்தோடு ஒரு புள்ளியில் முடியும். கோபுரத்தின் அடித்தளம் நீள்சதுரம். அதன் நீண்ட பக்கத்தின் நடுவில் வழி இருக்கும். உச்சி கூண்டு வண்டியின் கூரைபோல் நீளவாக்கில் வளைந்து, அதன் முதுகில் கலசங்கள் வரிசையாக நிற்கும். இந்த வளைகூரைக்குச் சாலைச் சிகரம் என்று பெயர். அடுத்த முறை ஒரு கோயிலைத் தொலைவில் இருந்து பார்க்கும்போது கலசங்களை எண்ணுங்கள். ஒன்றே ஒன்றா, வரிசையா என்பது போதும்.

தஞ்சையில் விமானத்தின் உயரம் 216 அடி என்று சொல்லப்படுகிறது. அதே கோயிலின் கோபுரங்கள் அதில் பாதிகூட இல்லை. 1010-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசராசன் கட்டி முடித்த அந்தக் கோயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோபுரங்கள் உள்ளன. வெளியே இருப்பது கேரளாந்தகன் திருவாசல், ஐந்து நிலைகள். உள்ளே இருப்பது இராசராசன் திருவாசல், மூன்று நிலைகள். கல்வெட்டு வழக்கில் அவை 'திருவாசல்' என்ற பெயரையே தாங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். அவற்றைக் கட்டியவர்களின் மனத்தில் அவை வாயில்களாகவே இருந்தன. கேரளாந்தகன் என்பது சேரரை வென்றதைக் கொண்டாடும் இராசராசனின் பட்டப்பெயர். ஒரு போர் வெற்றியின் பெயரைத் தலைவாயிலுக்குச் சூட்டியதில் பழைய கோட்டை வாயிலின் குணம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இராசராசன் திருவாசலில் ஒற்றைக் கல்லால் ஆன பேருருவ வாயிற்காவலர்கள் இருவர் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே அடித்தளத்தில், குனிந்து பார்த்தால்தான் தெரியும் அளவில், சிவபெருமானின் கதைகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பலர் காவலர்களை அண்ணாந்து பார்த்துவிட்டு இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து நின்று பாருங்கள்.

வாயில் ஏன் கருவறையைவிட உயர்ந்தது?

பல்லவர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் கோபுரம் இருக்கிறது, ஆனால் சின்னஞ்சிறியது. தஞ்சையில் கொஞ்சம் வளர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. விமானம் சிறுத்து உள்ளே ஒடுங்க, கோபுரங்கள் ஏழு நிலை, ஒன்பது நிலை என்று எழும்பின.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ஒரு பழைய கோயிலின் கருவறை தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ பாடிய தலம். அங்கே மூலவர் நிலைபெற்றுவிட்டார். அதை இடித்துப் பெரிதாக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் புதிய அரசன் அந்தக் கோயிலுக்குத் தன் பங்கைச் செய்தாக வேண்டும். உள்ளே இடமில்லை; வெளியே இருக்கிறது. எனவே ஏற்கெனவே இருக்கும் மதிலுக்கு வெளியே இன்னொரு திருச்சுற்று, இன்னொரு மதில், அதில் முந்தையவன் கட்டியதைவிட உயரமான ஒரு கோபுரம். அடுத்து வந்தவன் அதற்கும் வெளியே. அதனால் பெரிய தமிழகக் கோயில்களில் வெளியிலிருந்து உள்ளே போகப் போக வாயில்கள் சிறுத்துக்கொண்டே போகும்; காலமும் பின்னோக்கிப் போகும். திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் நடந்தால் இதைக் காலாலேயே உணரலாம்.

சிதம்பரத்தின் நான்கு ஏழுநிலைக் கோபுரங்கள் இந்த மாற்றத்தின் முழுமையான வடிவம். அவற்றில் வாயில் இன்னும் வாயிலாகவே மதிக்கப்படுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உள்ளே நடந்து போகும் வழியின் இருபுறச் சுவர்களிலும் பரத சாத்திரம் சொல்லும் நாட்டியக் கரணங்கள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளன. நடராசரைக் காணப் போகிறவர் நடனத்தின் நடுவே நடந்துதான் போக வேண்டும். வடக்குக் கோபுரத்தில் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் உருவம் இருக்கிறது. அதே கோபுரத்தில் அதைக் கட்டிய தச்சர்களின் உருவங்களும் அளவுகோலோடு உள்ளன. பேரரசருக்குக் கிடைத்த அதே கல், அதே வாயில், கம்மியர்களுக்கும் கிடைத்திருக்கிறது.

விசயநகர, நாயக்கர் காலங்களில்தான் கோபுரம் இன்றைய உயரத்தைத் தொட்டது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய திருவண்ணாமலையின் கிழக்கு ராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கரான செவ்வப்பர் முடித்தார். பதினோரு நிலைகள், 217 அடி. அதே கோயிலின் வடக்குக் கோபுரம் அம்மணி அம்மாள் என்ற பெண் துறவியின் பெயரால் வழங்குகிறது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பொருள் திரட்டி அதை எழுப்பினார் என்பது அந்த ஊர் மக்கள் சொல்லும் வரலாறு. அரசர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு துறவியின் பெயர் இத்தனை உயரத்தில் நிற்பது பெருமைக்குரியது.

தொடங்கியவர்கள் எல்லாம் முடிக்கவில்லை. அடித்தளத்தோடு நின்றுபோனவற்றை மக்கள் 'மொட்டைக் கோபுரம்' என்றும் 'ராயகோபுரம்' என்றும் அழைத்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் புதுமண்டபத்துக்குக் கிழக்கே கல்வேலை அளவிலேயே நின்றுவிட்டது. அதன் வாயில் தூண்களின் பருமனைப் பார்த்தால் மேலே எதைக் கனவு கண்டிருந்தார்கள் என்று கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றும். திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரமும் அச்சுததேவராயர் காலத்துக்குப் பின் நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டையாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் அதைக் கையில் எடுத்தார். பதின்மூன்று நிலைகளோடு ஏறத்தாழ 236 அடி உயரத்தில் 1987 மார்ச் மாதம் அது குடமுழுக்குக் கண்டது. நம் தலைமுறையினர் பலர் அதைக் கட்டும்போதே பார்த்தவர்கள்.

நிலை, சுதை, கலசம்

கோபுரத்தின் பேச்சுவழக்கில் மாடிக்குப் பெயர் 'நிலை'. நெடுநல்வாடையில் நெய் பூசப்பட்ட அந்தக் கதவு நிலையும் இதே சொல்தான். கதவைத் தாங்கும் சட்டத்துக்கு இருந்த பெயர் அதற்கு மேல் எழும் ஒவ்வோர் அடுக்குக்கும் ஆகிவிட்டது. நிலைகளின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படை: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று.

கீழ்ப்பகுதி முழுவதும் கருங்கல். மேலே உள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். மொத்தத்தையும் கல்லால் எழுப்பினால் கீழே இருக்கும் வழியின் மேல் தாங்க முடியாத பாரம் இறங்கும். அதனால்தான் இந்தக் கலப்பு. உள்ளே கூடாக இருக்கும். நிலைக்கு நிலை ஏறிச் செல்லப் படிகள் உண்டு. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் இருபக்கமும் ஒரு திறப்பு இருக்கும். கீழே உள்ள பெருவாயிலின் சிறு நகல்போல் அது மேலே மேலே சிறுத்துக்கொண்டே போகும். நிலைகளின் அகலமும் உயரமும் மேலே போகப் போகக் குறைவதால், கீழே நிற்பவர் கண்ணுக்குக் கோபுரம் உள்ளதைவிடவும் உயரமாகத் தெரிகிறது.

வெளியே நிறைந்திருக்கும் வண்ண உருவங்கள் கல் அல்ல, சுதை. செங்கல்லின் மேல் சுண்ணாம்புக் காரையைக் குழைத்துக் கையால் வடித்தவை. மழையும் வெயிலும் அவற்றைத் தின்னும் என்பதால் குடமுழுக்குதோறும் செப்பனிட்டு வண்ணம் பூசுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது மரபு. அப்போது உச்சியில் உள்ள கலசங்களில் புதிதாக வரகு முதலிய தானியங்களை நிரப்புவார்கள்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கவனிப்பைக் கேட்பவை. ஆந்திரத்தில் உள்ள காளத்தியில் (ஸ்ரீகாளஹஸ்தி) கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் விரிசல் கண்டு, 2010 மே 26 அன்று முற்றாகச் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுப்பி 2017-இல் குடமுழுக்கு செய்தார்கள்.

வெளியே நின்றவர்கள்

'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்ற பழமொழியைப் பக்தியின் மொழியாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். உள்ளே போக நேரமில்லாதவரும் தொலைவில் இருந்தே கைகூப்பலாம் என்பது அதன் நேரடிப் பொருள். ஆனால் பல நூற்றாண்டுகள் இந்த மண்ணில் உள்ளே போக விடப்படாத மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கோபுரம் ஒன்றுதான் கிடைத்த தரிசனம். தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழித்த நந்தனாரின் கதை, ஒரு வாயிலுக்கு வெளியே நின்ற மனிதரின் கதை. வானளாவ நிமிர்ந்த வாயிலும் தாழிட்டிருந்தால் அது மதிலின் ஒரு பகுதிதான்.

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்களோடு உள்ளே சென்றார்கள். தமிழ்நாட்டுக் கோயில் வரலாற்றில் கோபுரம் கட்டியவர்களின் பட்டியலுக்கு நிகரான இடம் அந்த வாயிலைத் திறந்தவர்களுக்கும் உண்டு என்று நான் நம்புகிறேன். பதினான்கு கோபுரங்கள் உள்ள அந்தக் கோயில் அன்றுதான் வாயில் என்ற சொல்லுக்குத் தகுதியானது.

இன்றைய வழக்கில்

கோபுரம் மொழிக்குள்ளும் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மதிப்புக்குரியவர் தாழ்ந்து தகுதியற்றவர் உயர்ந்தால் 'கோபுரம் தாழ்ந்தது, குப்பை உயர்ந்தது' என்கிறோம். எல்லாவற்றையும் தானே தாங்குவதாக நினைப்பவரைக் 'கோபுரம் தாங்கும் பொம்மை' என்கிறோம். கோபுரச் சுவரில் தோள் கொடுத்து நிற்கும் சுதை உருவத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கும். தமிழ்நாடு அரசின் முத்திரையிலும் கோபுரம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பேசுவது உயரம். எனவே மின்கோபுரம், ஈபிள் கோபுரம் என்று எழுதுவதில் தவறு இல்லை. சொல் தன் இயல்பான வழியில் வளர்ந்திருக்கிறது. கோயிலைப் பற்றி எழுதும்போது மட்டும் விமானத்தைக் கோபுரம் என்று எழுதாமல் இருந்தால் போதும்.

பழைய பொருளை உயிரோடு பார்க்க விரும்பினால் மேற்கே போகலாம். கேரளத்தில் கோபுரம் என்றால் இன்றும் வாயிற்கட்டடம்தான். ஓடு வேய்ந்த சரிந்த கூரையோடு, நம் கோபுரங்களின் உயரத்துக்குப் போட்டியிடாமல் நிற்கும். திருச்சூர் வடக்குநாதன் கோயிலுக்கு நான்கு திசையிலும் அப்படி நான்கு கோபுரங்கள் உண்டு. பூரம் விழாவுக்கு முந்தைய நாள், தெற்குக் கோபுரத்தின் கதவை உள்ளிருந்து ஒரு யானை திறந்துகொண்டு வெளியே வரும். அதைப் பார்க்கவே பெருங்கூட்டம் கூடுகிறது. கம்போடியாவின் அங்கோர் கோயில்களை ஆராய்கிறவர்களும் அங்குள்ள வாயில் மண்டபங்களைக் கோபுரம் என்றே குறிக்கிறார்கள், அவை உயரமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.